மாஸ்டர் அலசிய பனியன்

கொடியில் சகாயராஜின் பனியனைப் பார்த்தாலே மயிலாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய கிணற்றைக் கெடுத்த சாயப்பட்டறையில் அவன்தான் டையிங் மாஸ்டர். வாடகைக்கு இருப்பதோ அவள் வீட்டில். குழாய்த் தண்ணீர் இருக்க, வாரம் ஒரு வெள்ளைப் பனியனை அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அலசுவான். ஒரு வாரம் நீலம் ஏறும், ஒரு வாரம் சிவப்பு. அதை அவள் கண்ணெதிரிலேயே காயப்போடுவான். எத்தனை கொழுப்பு!

அன்று காலையிலும் போட்டான்.

"ஏப்பா, என்ற கிணறு உனக்கு நக்கலாப் போச்சா? பொழுதுக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிப்போடு."

"சரிக்கா" என்றான்.

சற்று நேரத்தில், மயிலாள் போட்ட நஷ்டஈட்டு வழக்குக்காக நீதிமன்றம் அனுப்பிய விசாரணை அதிகாரி கிணற்றடிக்கு வந்தார். பட்டறையின் வக்கீல் சிரித்தார்.

"ஓடையோரம் இருபது பட்டறை இருக்குதுங்க சார். எங்க சாயம்தான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

நாலு வருஷமாக வழக்கு அங்கேதான் நொண்டுகிறது. இன்றும் பதில் இல்லையென்றால் மயிலாளின் மூன்று ஏக்கரும் போச்சு.

"எங்க மாஸ்டரையே கேளுங்க" என்றார் வக்கீல்.

மயிலாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்லப்போகிறான்?

சகாயராஜ் தன் அறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தான். உள்ளே ஐம்பத்தோரு பனியன்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மையால் எழுதிய தேதி, 2006. கொடியில் கிடந்த ஈரப் பனியனையும் எடுத்து மேலே வைத்தான்.

"வாரத்துக்கு ஒண்ணு சார். நாங்க என்னைக்கு எந்தக் கலர் ஓட்டினோம்னு பட்டறை லாட் புக்குல இருக்கு. ரெண்டையும் வச்சுப் பாருங்க."

அன்று காலை பட்டறையே அதிகாரியிடம் தாக்கல் செய்த புத்தகம்தான். அதிகாரி புரட்டினார். நீல வாரத்துக்கு நீலம், சிவப்பு வாரத்துக்குச் சிவப்பு. ஐம்பத்திரண்டும் பொருந்தின. 'நஷ்டத்துக்கு இந்தப் பட்டறையே பொறுப்பு' என்று அங்கேயே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரப்பில் நின்ற கூட்டம் கைதட்டியது.

"சோறு போட்ட இடத்துக்கே இப்படியா?" என்று சீறினார் வக்கீல்.

"அந்தக் கலரைக் கலந்த கை இதுதான் சார். நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?"

பனியன்களை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு, காலிப் பெட்டியோடு அவன் மயிலாளிடம் வந்தான். "பொழுதுக்குள்ள காலி பண்ணிருதேன்க்கா."

மயிலாள் பெட்டியை வெடுக்கென்று வாங்கித் தன் வீட்டுக்குள் வைத்தாள். கண் கலங்கிப்போயிருந்தது.

"காலி பண்ண வேண்டியது அவுங்க. நீ இரு கண்ணு."