கடைசிக் கையெழுத்து

"எல்லா வீட்டிலயும் வாங்கியாச்சு. நீங்கதான் பாக்கி." ஆபீசுக்குக் கிளம்பிய கணவனிடம், பட்டறையை மூடச் சொல்லும் மனுவை மனைவி நீட்டினாள்.

"கீழே மரப்பட்டறை, மேலே வீடுன்னு தெரிஞ்சுதானே குடிவந்தோம்?"

"நாள் பூரா ரம்பச் சத்தம் கேட்கிறது நான்தானே? நீங்க பாட்டுக்கு ஏசி ரூம்ல போய் உட்கார்ந்துடுறீங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். சாப்பாட்டுப் பையோடு லிஃப்ட்டில் இறங்கினான்.

பத்து மணிக்கு ரம்பம் அலறத் தொடங்கியதும் அவள் மனுவோடு கீழே போனாள். வாசலில் நின்றிருந்த பட்டறைக்காரர் வாங்கிப் படித்தார்.

"எல்லா வீடும் கேட்டா மூடணும், அதுதான் இந்தக் கட்டடத்து விதி. என்ன செய்ய?" என்றவரின் விரல் கடைசிக் கையெழுத்தில் நின்றது. "இவருமா?"

"என் வீட்டுக்காரர். அவரைத் தெரியுமா?"

"ஆபீஸ்ல வேலை போச்சுன்னு வந்தார். ஆறு மாசமா இங்கே ரம்பம் ஓட்டுறது அவர்தாம்மா."

அவர் உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ரம்பத்தின் முன்னால் நின்றவன் காதடைப்பைக் கழற்றிக்கொண்டே திரும்பினான். பின்னால் ஆணியில், காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை கசங்காமல் தொங்கியது.