நீலப் படகு நகர்கிறது

சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் வெயில் ஏறிவிட்டது. கணவன் இறந்த நாள்முதல் மணலில் கிடக்கும் நீலப் படகின் பின்புறத்தில் தோளைக் கொடுத்து நிற்கிறாள் விமலகாந்தி. வலைகளின் மேல் குந்தியிருக்கும் ஆண்களில் ஒருவர்கூட எழும்பவில்லை. "பொம்பிளையால கடலுக்குப் போக ஏலாது, காந்தி. படகை எனக்கு விட்டிட்டு வீட்டை போ" என்கிறார் கணவனின் அண்ணன் குலவீரசிங்கம். "ஏலுமோ ஏலாதோ எண்டு படகு சொல்லட்டும், அத்தான்." குதிகால்களை ஈரமணலில் புதைத்துத் தள்ளுகிறாள். படகு அசையவில்லை. தள்ளும் விசை உராய்வை வெல்லும்வரை அது அசையாது. பள்ளியில் உயர்தர வகுப்பில் படித்த பௌதிகம் அவளுக்கு மறக்கவில்லை. காத்திருக்கிறாள். அடுத்த அலை வந்து முன்பக்கத்தைச் சற்றே தூக்கும் நேரம் பார்த்து, மூச்சைப் பிடித்து உந்துகிறாள். மணல் கரகரக்கிறது. படகு ஒரு சாண் நகர்கிறது. அதை நிற்கவிடக் கூடாது. நகரத் தொடங்கியதை நகர்த்துவது லேசு. தோள் எரிய எரிய உந்திக்கொண்டே போகிறாள். சேலை இடுப்புவரை நனைகிறது. "விழுந்து சாகப்போறாய், சொல்லிப்போட்டன்!" குலவீரசிங்கம் எழும்பி ஓடிவருகிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படகு மிதக்கிறது. தொற்றி ஏறி, நீண்ட கம்பை எடுத்து, அவர் நிற்கும் கரையில் ஊன்றி ஓங்கித் தள்ளுகிறாள். அவள் தள்ளிய அதே பலத்தோடு கரை அவளைக் கடலுக்குள் தள்ளுகிறது.