நாற்பத்தொரு கார், ஒரே பெட்டி

"இன்னும் ஆறு நிமிஷம்தான் சார். ஏத்துறீங்களா, விடுறீங்களா?"

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் லியோ பிரபு, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

நாற்காலியில் இருந்தவர் சிவசுப்பிரமணியன். சிமென்ட் கம்பெனி ஒன்றில் எடைமேடை கிளார்க். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

திரையில் நாற்பத்தொரு வெளிநாட்டுக் கார் பொம்மைகள். ஒரே பெட்டியாக ஏலம். சேலத்துக்காரர் ஒருவர் இரண்டாயிரத்து நானூறு கேட்டிருந்தார். சிவசுப்பிரமணியன் இரண்டாயிரத்து எழுநூறு அடித்தார். மச்சான் பெயரில் தொடங்கிய கணக்கு அது.

சேலம் உடனே மூவாயிரம் என்றது.

"படத்துல எல்லாம் பளபளன்னு புதுசு மாதிரிதான் சார் இருக்கு."

"தீயணைப்பு வண்டிக்கு ஏணி கிடையாது. ஏழெட்டுக்குச் சக்கரமே சுத்தாது."

"அப்புறம் எதுக்கு சார் இதுக்குப் போயி இவ்வளவு..."

பட்டது போதாதா இந்த மனுஷருக்கு என்று லியோவுக்குத் தோன்றியது. தீபாவளிக்கு முன்னால், ஃப்ரிட்ஜுக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் இப்படித்தான் ஒரு பெட்டியை நாலாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தார். ஒரே ஒரு மாடி பஸ்ஸுக்காக. மீதியெல்லாம் உடைசல். போன மாதம் விஷயம் தெரிந்த அன்றே அவர் மனைவி தேவயானி கீழப்பழுவூருக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

செல்போன் அடித்தது. அவள்தான்.

"என்னாச்சு? பொம்மைய விட்டொழிச்சீங்களா இல்லியா?"

"இன்னிக்கோட தலைமுழுகிடுறேன் தேவயானி. நாளைக்குக் காலையில வந்து கூட்டிக்கிறேன்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. ஒரு பொம்மை கண்ணுல பட்டாலும் நான் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இணைப்பு அறுந்தது. போனைக் கீழே வைத்த அதே கையால் அவர் மூவாயிரத்து நானூறு அடித்தார். லியோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

சேலம் மூவாயிரத்து எண்ணூறு.

"சார், விட்டுருங்க. அந்தாளு எடுத்துட்டுப் போறான்."

"முடியாது லியோ. இன்னும் ஒரே ஒரு தடவை. அதோட கை வைக்க மாட்டேன்."

நாலாயிரத்து இருநூறு. அவசரத்தில் முதலில் ஒரு சைபர் கூடிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

இரண்டு நிமிஷம் மீதியிருந்தது. சேலத்திடமிருந்து அசைவே இல்லை. பக்கத்துத் தடுப்பில் யாரோ ரிசல்ட் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்கள்.

"ஏறுவான்... அவன் விட மாட்டான். கண்டிப்பா ஏறுவான் பாரு."

பாவம், பயத்தில் புலம்புகிறார் என்று நினைத்த லியோ அவர் தோளில் தட்டிக் கொடுத்தான். "இல்ல சார், பயந்துட்டான். இனிமே வர மாட்டான்."

ஐம்பது நொடி. இருபது. ஐந்து.

ஏலம் முடிந்தது. ஜெயித்துவிட்டதாகத் திரை பச்சை எழுத்தில் சொன்னது.

"அடிச்சிட்டீங்க சார்!" என்று லியோ கை தட்டினான்.

சிவசுப்பிரமணியன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். போன் மறுபடி அடித்தது. கீழப்பழுவூர் நம்பர். அடித்து ஓயும்வரை அவர் கை அதன் பக்கம் போகவில்லை.

ஆறுதல் சொல்வதா, வாழ்த்துவதா என்று லியோவுக்குப் புரியவில்லை.

"விடுங்க சார், எடுத்தது எடுத்தாச்சு. பார்சல் எந்த ஊர்லேருந்து வருது?"

தலையை நிமிர்த்தாமலே அவர் சொன்னார்:

"எங்கேருந்தும் வராது லியோ. ஏலத்துக்கு விட்டவனே நான்தான்."