குறியில்லாமல் வந்த அரை

தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஒரு கணினி நிரலுக்குள் சரிபார்ப்பான், வகுப்பான் என்று இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். வாசலுக்கு வரும் எண்ணுக்குச் சதவீதக் குறி இருக்கிறதா, அது நூறைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பவன் சரிபார்ப்பான். அந்தக் குறியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எண்ணை நூறால் வகுத்து அனுப்புபவன் வகுப்பான். ஐம்பது சதவீதம் வந்தால் 0.5 ஆகிப் போகும். குழாய் பாதி திறக்கும்.

அன்று 0.5 என்ற எண் வெறுமனே வந்து நின்றது.

"குறி எங்கே?" என்று கேட்டான் சரிபார்ப்பான்.

"இல்லைங்கண்ணே. வாசலுக்குப் போன்னு அனுப்பினாங்க, வந்துட்டேன்."

வகுப்பானுக்குப் பொறுக்கவில்லை. "நூறுக்குள்ளதானே இருக்கு? உள்ளே விடுப்பா, வகுத்துத் தள்ளிடறேன். செடி காயுது."

"இது அரை சதவீதமா, ஏற்கெனவே வகுத்த பாதியா? பாதியை நீ இன்னொரு தடவை வகுத்தா, குழாய் சொட்டக்கூடச் சொட்டாது."

"ஒரு குறிக்காக மொத்த வேலையும் நிக்கணுமா?"

"நிக்கட்டும்." சரிபார்ப்பான் கதவைச் சாத்தி, சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று எழுதினான். வெளியே வரிசையில் நின்ற எண்கள் கதவை இடித்தன. அவன் முதுகைக் கொடுத்துத் தாங்கினான்.

0.5 தயங்கித் தயங்கிச் சொன்னது: "காலையில ஐம்பதா வந்தப்போ குறி இருந்துச்சுண்ணே. இவர்தான் கழற்றி வாங்கிக்கிட்டாரு."

வகுப்பான் பையைத் துழாவினான். ஒரே ஒரு சதவீதக் குறி கையில் தட்டுப்பட்டது.

அவன் வந்து, சரிபார்ப்பானுக்குப் பக்கத்தில் கதவுக்குத் தன் முதுகையும் கொடுத்தான்.