பக்கப் பார்வை

“யாரெல்லாம் வந்திருக்கீங்க, ஐயா?”

“நானு, எம் மக பானுப்ரியா. அம்புட்டுத்தான் தாயி. வேற யாரு இருக்கா எனக்கு” என்றார் நல்லுசாமி.

சௌந்தர்யா எழுதிக்கொண்டாள். திண்டுக்கல்லில் அந்தக் கண் மருத்துவமனையில் பார்வையைச் சோதிப்பவள் அவள். சின்னாளப்பட்டித் தறிக்காரரான நல்லுசாமிக்குக் கண் அழுத்த நோய். கண்ணுக்குள் நீர் வடியும் வழியை வளர்ச்சிக் காரணி என்னும் ஒரு புரதம் தடிக்கவைத்து அடைக்கிறது; அழுத்தம் ஏறினால் பக்கப் பார்வைதான் முதலில் போகும். அதன் சமிக்ஞையைத் தடுக்கும் புது ஊசியை அவருக்குப் போட்டுப் பார்த்துவந்தார்கள். பலித்ததா என்று இன்று தெரிந்துவிடும்.

“ரிசல்ட் சரியில்லேன்னா பெங்களூர் வேலைய விட்டுட்டு வந்துருவேன்ப்பா” என்றாள் பானுப்ரியா.

“வந்து? எனக்குச் சோறு ஊட்டப் போறியா? போ கழுத.”

சோதனை அறைக்குள் நுழைகையில் நல்லுசாமியின் தோள் கதவு நிலையில் இடித்தது. “வாசல ஒல்லியா வச்சிருக்காங்க” என்றார். பின்னால் வந்த பானுப்ரியா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குழிந்த வெள்ளைத் திரையின் நடுவையே பார்க்கவேண்டும். ஓரத்தில் வெளிச்சப் புள்ளி மின்னினால் கையிலுள்ள பட்டனை அழுத்தவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரம் ‘டக்’ என்றது.

முடிந்ததும், உள்ளே வந்த டாக்டரிடம் முடிவுத் தாளை நீட்டிச் சௌந்தர்யா சிரித்தாள். “ஐயா தறி நெய்யிற மாதிரியே அமுக்குறாரு, டாக்டர்.”

டாக்டர் தாளைப் பார்த்தார். “பக்கப் பார்வை கொஞ்சங்கூடக் குறையல. மருந்து வேலை செய்யுது.”

பானுப்ரியா மூச்சுவிட்டாள். “அப்ப மதுரைல ஆபரேஷன் வேணாம்னு சொல்லிர்றேன், டாக்டர். எனக்கும் இந்த ஊசியே போடுங்க.”

“யாருக்கு ஆபரேஷன்?”

“எனக்குத்தான்ப்பா. உங்க நோய் எனக்கும் இருக்கு. வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. மத்த டெஸ்டெல்லாம் முடிஞ்சிருச்சு. மருந்து உங்களுக்குக் கேக்குதான்னு பாத்துட்டுப் போட்டுக்கலாம்னுதான் இருந்தேன்.”

டாக்டர் தலையசைத்து ஊசி போடும் அறையைக் காட்டினார். திரையில் ஓரப் புள்ளி ஒன்றுகூட நல்லுசாமியின் கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகளின் வேலை போய்விடக்கூடாதென்று, தறிச் சத்தத்துக்குக் கை ஓட்டிப் பழகியவர், ‘டக்’ கேட்டபோதெல்லாம் அழுத்தியிருந்தார்.

“பானு, செத்த நேரம் இரு. நான் ஒண்ணு சொல்லணும்” என்றார், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கமாகத் திரும்பி.

நாற்காலி காலியாக இருந்தது. அவள் எழுந்து அவருக்குப் பக்கவாட்டில் நடந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. ஊசி போடும் அறையின் கதவு அவள் பின்னால் மூடியது. உள்ளே தாழ்ப்பாள் ‘டக்’ என்று விழுந்தது.