ஐம்பத்தொரு சதவீதம்

“இன்னொரு தடவை. கம்பெனியை நடத்தறது யாரு?”

“நான்தானுங்க.”

“அந்த ‘ங்க’வே வேணாம் மரகதம்! ஓனர் மாதிரி நிமிர்ந்து உக்காரு. ‘ஐ ரன் திஸ் கம்பெனி.’ எங்க, சொல்லு.”

மரகதம் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஐ ரன் திஸ் கம்பெனிங்க” என்றாள். சேனாபதி தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னே என்ன? மூன்று மாதமாக மனுஷர் பட்ட பாடு கொஞ்சமா? அமெரிக்காவில், டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் ஆறு வருஷமாக ஓடுகிற க்ளீனிங் கம்பெனி அவருடையது. டென்டல் கிளினிக், டேகேர், இரண்டு ஆபீஸ் என்று பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. இப்போது டல்லாஸில் ஒரு ஃபெடரல் கட்டடத்தைச் சுத்தம் செய்ய டெண்டர் வருகிறது. கவர்மென்ட்டுக்கு வேலை செய்வதென்றால் முதலில் கம்பெனியைப் பதிவு பண்ண வேண்டும்.

ஒரு பேப்பரில் கம்பெனி பெயருக்கு நடுவே கமா இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ரிஜெக்ட். அட்ரஸில் ‘சூட்’ என்று போட வேண்டிய இடத்தில் ‘யூனிட்’ இருக்கிறது. மறுபடியும் ரிஜெக்ட். போன் பண்ணினால் நாற்பது நிமிஷம் மியூசிக். யாராவது எடுத்தால், “வெப்சைட்டைப் பாருங்கள்.”

எல்லாம் தாண்டி இன்று கடைசிப் படி. இந்த டெண்டர் பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு மட்டும். அதற்காகவே போன வருஷம் கம்பெனியில் ஐம்பத்தொரு சதவீதப் பங்கை மனைவி மரகதத்தின் பேருக்கு மாற்றி, அவளை பிரசிடென்ட் ஆக்கியிருந்தார். பேப்பரில் இருந்தால் போதாதாம். நிஜமாகவே அவள்தான் நடத்துகிறாளா என்று ஒரு ஆபீசர் வீடியோ காலில் விசாரிப்பாராம்.

“கொஞ்சம் பொய்தான். எல்லாரும் பண்றதுதான்” என்றார் சேனாபதி. “நான் எழுதிக் கொடுத்த ஏழு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணிட்டியா?”

“பார்த்தனுங்க.”

“பார்த்தியா? ஏழு பக்கம் டைப் அடிச்சிருக்கேன், பார்த்தேங்கறா! முருகா!”

அதற்குள் ஆபீசர் திரையில் வந்துவிட்டார். நரைத்த முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி, சிரிப்பே இல்லாத அம்மாள்.

“மிஸ்டர் சேனாபதி, நீங்க பக்கத்துல இருக்கலாம். நான் கேட்கிற வரைக்கும் பேசக் கூடாது.”

சேனாபதி ஏழு பக்கத்தையும் மரகதத்தின் முன்னால் தள்ளி வைத்தார்.

“புதுசா ஒரு கட்டடம் வந்தா, ரேட்டை முடிவு பண்றது யார்?”

மரகதம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். “நான்தான். முதல்ல நேர்ல போய் நடந்து பார்ப்பேன். கார்ப்பெட் எவ்வளவு, டைல்ஸ் எவ்வளவு, பாத்ரூம் எத்தனைன்னு குறிச்சுக்குவேன். போன மாசம் ஒரு ஜிம்முல கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். அவங்க கேட்ட டைமுக்கு எங்கிட்ட ஆள் பத்தாது.”

ஜிம்மா? சேனாபதி திரும்பிப் பார்த்தார். அவருடைய ஏழு பக்கத்தில் ஜிம் என்ற பேச்சே கிடையாது.

“வேலை செய்யறவங்களை யார் கவனிக்கறது?”

“நான்தான். ஒன்பது பேர். ரோசாவுக்கு முட்டிவலி, அதனால மாடிப்படி இல்லாத டேகேருக்கு மாத்தி விட்டேன். அங்க ஒரு குழந்தைக்கு க்ளீனர் வாசனை ஆகாது, மூச்சு இளைக்குது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேற சோப்பு வாங்கறேன்.”

அளவுக்கு மீறிப் போகிறாளே! இப்படி அளந்து விட்டால் மாட்டிக்கொள்ள மாட்டோமா? சேனாபதி மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். மரகதம் காலை நகர்த்திக்கொண்டாள்.

“கடைசியா யாரை வேலையை விட்டு நிறுத்தினீங்க?”

மரகதம் முதன்முறையாகத் தயங்கினாள். கணவர் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“செல்வராஜ்னு ஒரு சூப்பர்வைசர். கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவார். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூணாவது தடவை சாவியைத் திருப்பி வாங்கிட்டேன்.”

செல்வராஜ் சேனாபதியின் காலேஜ் நண்பர். ‘வேற நல்ல வேலை கிடைச்சுடுச்சு மாப்ளே’ என்று சொல்லிவிட்டுத்தான் விலகியிருந்தார். சேனாபதி வாயைத் திறந்தார். ஆபீசர் ஒரு விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டார்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். எதற்கும் மரகதம் பேப்பரைப் பார்க்கவில்லை. கடைசியில் ஆபீசர் இந்தப் பக்கம் திரும்பினார்.

“மிஸ்டர் சேனாபதி, இந்தக் கம்பெனியில உங்க வேலை என்ன?”

“நான்... வெப்சைட் போட்டேன். லோகோ போட்டேன். லாஸ் கொலினாஸ்ல எனக்கு ஃபுல் டைம் ஐ.டி. வேலை...”

“கடைசியா எந்தக் கட்டடத்துக்குப் போனீங்க?”

சேனாபதி வருஷங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

மரகதம்தான் குறுக்கே வந்தாள். “அவர் எனக்கு ரொம்ப ஒத்தாசை மேடம்.”

ஆபீசர் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். “எனக்கு வேற சந்தேகம் எதுவும் இல்லை. அப்ரூவ் பண்ணச் சொல்லி எழுதிடறேன். ஆல் தி பெஸ்ட், பிரசிடென்ட்.”

திரை அணைந்தது. சேனாபதி நாற்காலியில் அப்படியே சாய்ந்தார்.

“அப்பாடா! ஆனா நீ பெரிய ஆளுதான் மரகதம். ஜிம்மு, ரோசா முட்டிவலி, செல்வராஜு... அம்மாடி, இத்தனை பொய்யையும் எப்ப ரெடி பண்ணினே?”

மரகதம் வேன் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டாள். டென்டல் கிளினிக்கில் ஆள் வரவில்லை என்று போன் வந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“பொய் ஒண்ணே ஒண்ணுதானுங்க சொன்னேன். நீங்க ஒத்தாசையா இருக்கறீங்கன்னு.”