அசையாமல் இரு

"கையக் காலை உதறாதே. தண்ணியப் பிடிக்கப் பார்க்காதே, அதுவே உன்னைப் பிடிச்சுக்கும்."

டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் அவள் உதறிவிட்டாள். மூக்கு, வாய், காது எல்லாவற்றுக்குள்ளும் நீச்சல்குளம் புகுந்துகொண்டது. இருமியபடியே பாய்ந்து ஓரக் கம்பியைப் பிடித்தாள். பக்கத்தில் வாண்டுகள் மீன்குஞ்சுகள் மாதிரி சர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பொடி திருகாணியைக்கூடக் கை நடுங்காமல் முடுக்குவாள். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறினால் மட்டும் உடம்பு மொத்தமும் நடுங்கும். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அக்கரை தொட்டுத் திரும்பிவிட்டார்கள். உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று கணவனும் கேட்டுப் பார்த்தான். அவள் விடுவதாக இல்லை. விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தக்கை. பாதி நரைத்த தலை, கறார்ப் பேச்சு. ஆனால் கோபம் வந்தால் கத்தமாட்டார். குளத்தின் நடுவே போய் மல்லாந்துவிடுவார். கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனித்தபடி மிதப்பார். கோபம் கரைந்த பிறகுதான் எழுந்து வருவார். அதுவரை வாண்டுகள்கூட வாயைத் திறக்காது.

அன்று கூட்டம் கலைந்ததும் டீச்சர் அவளிடம் கேட்டார். "இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு ஏன் தினம் வந்து நிக்கறே?"

அவள் ஒளிக்கவில்லை. ஏரியில் படகு கவிழ்ந்ததைச் சொன்னாள். முன்பின் தெரியாத ஓர் இளைஞன் தன்னை இழுத்துவந்து கரையில் போட்டதையும், இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று தேடித் திரும்பிப் போனவன் வராமலே போனதையும் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கணவன் மட்டும் துக்கம் விசாரிக்கப் போய்வந்தான். அங்கே அந்த இளைஞனின் சித்தப்பாதான் பேசினாராம். அம்மா அறையை விட்டு வெளியே வரவே இல்லையாம்.

"அந்தம்மாவைப் போய்ப் பார்க்கணும் டீச்சர். ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? உங்க பிள்ளை குடுத்த உயிரை, வாளித் தண்ணிக்குக்கூட பயந்துக்கிட்டு ஓட்டறேன்னு சொல்றதா? நீந்தக் கத்துக்கிட்டுத்தான் அந்த வாசப்படி மிதிப்பேன்."

டீச்சர் திரும்பிப் போய்க் குளத்தின் நடுவில் மல்லாந்துவிட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. மனதில் இருப்பதைக் கொட்டினால் இவர் பாட்டுக்குப் போய் மிதக்கிறாரே, இதற்குமா கோபம்? நாளையிலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று படியில் கால் வைத்தாள். ஆனால் ஏறவில்லை. இப்படி ஓடுவதற்கா இத்தனை நாள் தண்ணீர் குடித்தோம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்து டீச்சர் எழுந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "படு" என்றார். ஒரு கையை அவள் பிடரிக்கும் இன்னொரு கையை முதுகுக்கும் அடியில் கொடுத்தார்.

"எதையும் செய்யாதே. மூச்சு வருதா, பாரு. போகுதா, பாரு. பயம் வந்தா அதையும் பாரு, விரட்டாதே. அவ்வளவுதான் உன் வேலை."

அதற்குப் பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினார். அவள் முழுகினாள், அழுதாள், டீச்சரின் தோளைக் கீறினாள். ஒரு நாள், தனக்கு இது வரவே வராது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். நான் விடமாட்டேன், நீயும் விடாதே என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை.

ஒரு காலை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. முதுகுக்கு அடியில் கைகள் இல்லை. பயம் வந்தது. அதைப் பார்த்தாள். தெருவில் போகிற ஆள் மாதிரி அது தன் பாட்டுக்குக் கடந்து போனது. ஒரு முழம் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

கரையேறியதும் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. நீச்சல் மெதுவாக வரட்டும், தண்ணீர் இனி தன்னைத் துரத்தாது என்றாள்.

"இன்னைக்கே அந்தம்மாவைப் பார்க்கப் போறேன் டீச்சர். முகவரி வாங்கி வச்சிருக்கேன். தனியாப் போனா வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிடுவேன். நீங்க கூட வர்றீங்களா?"

டீச்சர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார்.

"வர்றேன். ஆனா அங்கே மணியடிச்சுட்டுக் காத்து நிக்க வேண்டாம்மா" என்றார். "வீட்டுல இப்ப யாரும் இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு."